மழைக்காட்டு விடுதியில் இரண்டு இரவு: நேரத்தை எங்கே செலவிடுவது?

கேள்வி: நாங்கள் பாளையங்கோட்டையில் வசிக்கிறோம். பிப்ரவரியில் ஒரு வார இறுதியில், களக்காடு முண்டந்துறை மலையின் மேற்பகுதியில் உள்ள காட்டு விடுதியில் இரண்டு இரவு தங்க அனுமதி கிடைத்திருக்கிறது. கணவர், பன்னிரண்டு வயது மகன், மூட்டுவலி உள்ள மாமியார் ஆகியோருடன் செல்கிறேன். சென்ற ஆகஸ்ட்டில் அங்கே போய்வந்த உறவினர்கள், "அட்டைக்கடிதான் மிச்சம், ஒரு மிருகத்தையும் பார்க்கவில்லை" என்கிறார்கள். இருக்கிற கொஞ்ச நேரத்தை வீணாக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் உறவினர்கள் சொன்னதில் பிழை இல்லை. மழைக்காட்டுக்குள் நடந்துபோகிற பெரும்பாலோர் எதையும் பார்க்காமல்தான் திரும்புகிறார்கள். அதற்குக் காரணம் விலங்குகள் இல்லாமை அன்று, அந்தக் காட்டின் அமைப்பு. பாபநாசத்துக்கு மேலே முண்டந்துறைச் சமவெளியில் இருப்பது இலையுதிர்க் காடு. அங்கே மரங்களுக்கிடையே வெளி உண்டு, வெயில் தரை வரை இறங்கும், சாலையோரத்தில் மான் நின்றால் வண்டியிலிருந்தே தெரியும். ஏறத்தாழ 700 மீட்டருக்கு மேலே போனால் காடு மாறிவிடுகிறது. முப்பது மீட்டர் உயரத்தில் மரத்தலைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்க, மேலே விழுகிற ஒளியில் நூற்றில் ஓரிரு பங்குதான் தரையை எட்டுகிறது. பூவும் கனியும் தளிரும் அந்த உயரத்தில் இருப்பதால், அவற்றைத் தின்று வாழ்கிற உயிர்களும் அங்கேயே இருக்கின்றன. கீழே பேசிக்கொண்டு வேகமாக நடக்கிற நால்வருக்கு இலையும் வேரும் அட்டையும் மட்டுமே தென்படுவதில் வியப்பில்லை.

எனவே என் முதல் ஆலோசனை, அதிக இடங்களைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தை ஊரிலேயே விட்டுவிட்டுச் செல்லுங்கள் என்பதே. மணிமுத்தாறு அருவி, அகத்தியர் அருவி, காரையாறு அணை, சொரிமுத்து அய்யனார் கோயில் ஆகிய எல்லாவற்றையும் இந்தப் பயணத்தோடு சேர்த்துக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அவற்றை இன்னொரு நாள் காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம். மலைமேல் விடியும்போது அங்கே இருக்கிற வாய்ப்பு மட்டும் விடுதியில் தங்குகிறவருக்கே கிடைக்கிறது, உங்களுக்கு அப்படி இரண்டு விடியல்கள் வாய்த்திருக்கின்றன. பிற எல்லாவற்றையும் அந்த இரண்டு காலைகளை ஒட்டியே அமைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பலாம் என்று நினைக்காதீர்கள். காலை ஏழு மணிக்கே பாளையங்கோட்டையை விட்டால், சோதனைச் சாவடியில் அனுமதிக் கடிதத்தைக் காட்டி, கொண்டைஊசி வளைவுகளை அவசரமின்றி ஏறி, நண்பகலுக்குள் விடுதியை அடைந்துவிடலாம். அன்று மாலை நடை உங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். விடுதியில் சமையல் உண்டா, அரிசியும் காய்கறியும் நீங்களே கொண்டுபோக வேண்டுமா, சாலைக்கு ஜீப் தேவையா என்பதை முன்கூட்டியே வனத்துறையினரிடம் கேட்டுவிடுங்கள். மேலே கைப்பேசித் தொடர்பு இருக்காது என்றே எண்ணித் தயாராக இருப்பது நல்லது.

விடுதிக்குப் போனதும் உங்களுடன் வரும் காவலரிடமோ வழிகாட்டியிடமோ கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பெரும்பாலோர் "புலி வருமா, யானை வருமா" என்று கேட்கிறார்கள். அதை விட்டுவிட்டு, "இப்போது எந்த மரம் பூத்திருக்கிறது, எது பழுத்திருக்கிறது?" என்று கேளுங்கள். இந்த மலையில் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இருப்பவர்களில் இங்கேயே வாழும் பழங்குடியினரான காணி மக்களும் உண்டு. அவர்களுக்கு ஒவ்வொரு மரமும் தெரியும், அந்த மரத்துக்கு எது எப்போது வரும் என்பதும் தெரியும். பழுத்த அத்தி மரம் ஒன்று நடக்கும் தூரத்தில் இருந்தால், உங்கள் பயணத்தின் பாதி வேலை முடிந்ததாக வைத்துக்கொள்ளலாம். பச்சைப்புறா, குக்குறுவான், மலையணில், அதிர்ஷ்டம் இருந்தால் இருவாச்சி என்று எல்லாம் தேடாமலேயே அங்கு வரும்.

நீங்கள் போகிற காலத்தில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது வெடிப்பலா. இந்த மலையின் நடு உயரக் காடுகளில் மிகுதியாக உள்ள பெருமரம் இது. இதன் பூக்கள் இலைகளுக்கு நடுவே வருவதில்லை, கிளையின் பட்டையை ஒட்டிக் கொத்துக் கொத்தாக, வெளிறிய பழுப்பு நிறத்தில் அடைசலாகப் பூக்கும். இதழ் என்று சொல்லத்தக்கது எதுவும் இருக்காது, தொட்டால் சதைப்பற்றாக இருக்கும். காட்டில் பிற கனிகள் குறைந்திருக்கும் கோடைத் தொடக்கத்தில் இது பூப்பதால், சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கும் கருமந்தியும் மலையணிலும் இந்தப் பூவைத் தேடி வந்து தின்கின்றன. பாதையில் இத்தகைய பூக்கள் உதிர்ந்து கிடக்கக் கண்டால், நடப்பதை நிறுத்திவிட்டு மேலே பாருங்கள். உதிர்ந்த பூ கடித்த தடத்துடனும் வாடாமலும் இருந்தால், தின்ற விலங்கு பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். வேறொரு பருவத்தில் இதே மரம் முள் செறிந்த காய்களைத் தாங்கி நிற்கும், அவற்றைப் பிளந்து விதையைத் தின்பதிலும் சோலைமந்திக்கு இணை இல்லை. 1976-ல் களக்காடு சரணாலயம் அமைந்ததே இந்தக் குரங்கைக் காப்பதற்காகத்தான். 1962 முதல் புலிச் சரணாலயமாக இருந்த முண்டந்துறையும் களக்காடும் 1988-ல் இணைந்தபோது தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் உருவாயிற்று. உங்கள் மகனுக்கு இதைச் சொல்லி அழைத்துச் சென்றால், புலியைப் பார்க்காத ஏமாற்றம் அவனுக்கு இருக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு குரங்கை அவன் தேடிப் போகிறான்.

ஞாயிறு, திங்கள் ஆகிய இரண்டு நாளும் ஐந்தரைக்கே எழுந்து, ஒரு கட்டங்காப்பியைக் குடித்துவிட்டு, இருள் பிரியும் முன்பே விடுதியின் தாழ்வாரத்தில் பேசாமல் உட்காருங்கள். மழைக்காட்டில் கண்ணுக்கு முன்னே காது வேலை செய்ய வேண்டும். ஓடை அருகில் இருந்தால் சீகாரப் பூங்குருவி முதலில் தொடங்கும். யாரோ ஒரு மனிதர் தனக்குத்தானே சீழ்க்கை அடித்துக்கொண்டு போவதாகவே முதன்முறை கேட்பவர் எண்ணுவார். வெளுக்கத் தொடங்கும்போது எதிர்ச் சரிவிலிருந்து கருமந்தி ஆணின் முழக்கம் எழும். அந்த ஒலி எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதைக் குறித்துக்கொண்டால், ஆறரைக்கு நடக்கக் கிளம்பும்போது எந்தப் பக்கம் போகலாம் என்று வழிகாட்டியுடன் பேசி முடிவு செய்யலாம். சோலைமந்தியின் குரல் இதைவிட மெல்லியது, கூட்டத்தினர் ஒருவரையொருவர் அழைக்கும் "கூ" என்ற ஒலி. அதைவிடக் கிளை வளைந்து இலை சலசலப்பதுதான் அதிகம் காட்டிக்கொடுக்கும்.

நடையை ஒரு கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சனி மாலையும் ஞாயிறு காலையும் திங்கள் காலையும் அதே பாதையிலேயே போங்கள். இதைச் சொல்லும்போது பலர் முகம் சுளிக்கிறார்கள், ஒரே வழியில் மூன்று முறை எதற்கு என்று. முதல் முறை போகும்போது எல்லாமே பச்சையாகத்தான் தெரியும். இரண்டாம் முறை எந்த மரத்தடியில் கனி கிடந்தது, எந்தத் திருப்பத்தில் மேலே வானம் தெரிந்தது என்பது மனத்தில் பதிந்திருக்கும். மூன்றாம் முறை, நேற்று இல்லாத ஒன்று இன்று இருப்பது தானாகவே கண்ணில் படும். புதிய பாதைகளில் அலைந்தால் மூன்று முறையும் முதல் முறையாகவே கழிந்துவிடும்.

பறவைகளைப் பற்றி ஒரு செய்தி தெரிந்திருந்தால் பொறுமை எளிதாகும். மழைக்காட்டுப் பறவைகள் பல இனங்களாகச் சேர்ந்து ஒரே கூட்டமாக இரை தேடி நகர்கின்றன. அரை மணி நேரம் ஒரு பறவையும் இருக்காது. பிறகு துடுப்புவால் கரிச்சானின் கணீரென்ற குரல் கேட்கும், அதைத் தொடர்ந்து மின்சிட்டும் மரங்கொத்தியும் ஈப்பிடிப்பான்களும் பத்து நிமிடத்துக்குள் தலைக்கு மேலே கடந்துபோகும். அந்த நேரத்தில் படம் எடுக்க முயன்றால் பாதியை இழப்பீர்கள், வெறுமனே பாருங்கள். பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அதை வரவழைப்பது அறவே கூடாது. எதிரி தன் எல்லைக்குள் வந்துவிட்டதாக எண்ணி, இரை தேடுவதையும் கூட்டைக் காப்பதையும் விட்டுவிட்டு அது அலைக்கழியும்.

நல்ல பைனாகுலர் ஒன்றை இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள். அதன்மேல் எழுதியிருக்கும் முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதையும், இரண்டாம் எண் முகப்பு வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் சொல்லும். கடைகளில் சிறியதாக, அழகாகக் கிடைக்கிற 8x21 அளவு இந்தக் காட்டுக்கு உதவாது. 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லையை எட்டு மடங்குக்கு வகுத்தால் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் அகலமான ஒளிக்கற்றை கண்ணுக்கு வருகிறது, 21 மில்லிமீட்டர் வில்லையில் இரண்டரைதான் வரும். வெயிலில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. மரநிழலில் ஒன்றில் குரங்கின் பிடரி மயிர் தெரியும், மற்றொன்றில் கறுப்புத் திட்டு மட்டும் தெரியும். ஆகவே 8x42 என்று கேட்டு வாங்குங்கள்.

மாமியாரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மழைக்காட்டு விடுதியில் மிக நல்ல இருக்கை பெரும்பாலும் தாழ்வாரத்தில்தான் இருக்கிறது. விடுதியைச் சுற்றி மரங்கள் விலகி நிற்பதால், காட்டின் ஓரத்து மரத்தலைகளை அடியிலிருந்து அண்ணாந்து பார்க்காமல் நேராகப் பார்க்க முடியும். நீங்கள் மூவரும் நடந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும்போது, அவர் மலையணிலை ஒரு மணி நேரம் பார்த்திருக்கக்கூடும். அவருக்கென்று ஒரு நாற்காலியையும் பைனாகுலரையும் போர்வையையும் ஏற்பாடு செய்யுங்கள். ஆயிரம் மீட்டருக்கு மேலே நம் ஊரைவிட ஆறேழு டிகிரி வெப்பம் குறைவாக இருக்கும், காற்றில் ஈரமும் இருப்பதால் மூட்டுவலி கூடலாம்.

காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை காடு ஓய்ந்திருக்கும், நீங்களும் தூங்குங்கள். இரவில் புலிகள் காப்பகத்துக்குள் வெளியே நடப்பதற்கு இடமில்லை, கேட்கவும் வேண்டாம். அதற்குப் பதிலாகத் தாழ்வார விளக்கின் முன்னே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தால், உங்கள் மகன் இதுவரை கண்டிராத அந்துப்பூச்சிகள் அதில் வந்து உட்காரும். பார்த்து முடித்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லையெனில் அவை விடியும்வரை அங்கேயே கிடந்து காலையில் குருவிகளுக்கு இரையாகும்.

இனி அட்டை. உங்கள் உறவினர்கள் சென்ற ஆகஸ்ட் தென்மேற்குப் பருவக்காற்றின் காலம், நீங்கள் போகும் பிப்ரவரியில் அவை மிகவும் குறைந்திருக்கும். ஓடைக்கரைகளில் மட்டும் எதிர்பார்க்கலாம். அட்டைக்கென்று விற்கிற நெருக்கமான துணியாலான நீள உறையைக் கால்சட்டைக்கு மேலே முழங்கால் வரை இழுத்துக் கட்டிக்கொண்டால் போதும். கடித்துவிட்டால் உப்பையோ புகையிலையையோ நெருப்பையோ வைக்காதீர்கள். அதன் மெல்லிய முனைதான் வாய். அங்கே நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விட்டுவிடும், பிறகு தடித்த முனையையும் அப்படியே நகர்த்தி எடுத்துவிடலாம். அதன் உமிழ்நீர் இரத்தம் உறையாமல் தடுப்பதால் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டிருக்கும், அது கண்டு பயப்பட வேண்டாம், கழுவிவிட்டு அழுத்திப் பிடியுங்கள். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரையை உங்கள் மாமியார் உட்கொள்பவராக இருந்தால் மட்டும் அவரைப் புல்லில் இறங்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டையைவிட நான் கவனிக்கச் சொல்வது குழிவிரியன்களை. உதிர்ந்த இலைக்குள்ளும் தாழ்ந்த கிளையிலும் அசையாமல் கிடக்கும் இவற்றின் நஞ்சுக்கு, நம் மருத்துவமனைகளில் உள்ள வழக்கமான பாம்புக்கடி மருந்து முறிவாகாது. கணுக்காலை மூடும் காலணி, கை வைக்குமுன் பார்ப்பது, இருட்டியபின் முற்றத்தில் இறங்கினாலும் டார்ச் ஆகியவற்றில் தளர்வு வேண்டாம். அப்படியும் கடி பட்டுவிட்டால் கட்டுப் போடுவதிலும் கீறிவிடுவதிலும் நேரத்தைக் கழிக்காமல் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். யானைச் சாணம் ஈரமாகக் கிடந்தாலோ, மூங்கில் முறியும் ஓசை கேட்டாலோ வழிகாட்டி திரும்பச் சொன்னால் மறுபேச்சின்றித் திரும்புங்கள்.

வானிலையைப் பொறுத்தவரை நீங்கள் தேர்ந்த மாதம் நன்று. வடகிழக்குப் பருவமழை முடிந்து, காலைகள் தெளிவாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த மலைக்குப் போக யாராவது கேட்டால் வேண்டாம் என்றே சொல்வேன், 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை மீறியதை நாம் எல்லோரும் பார்த்தோம். பிப்ரவரியிலும் ஒரு மழை வந்துவிடலாம். வந்தால் சரசரக்கும் மழைக்கோட்டைவிடக் குடையே மேல், அதில் ஓசையும் குறைவு, வேர்வையும் இல்லை. மழை விட்ட முதல் அரை மணி நேரத்தில் பறவைகள் பசியோடு வெளிவரும் என்பதால் அப்போது அறைக்குள் இருக்காதீர்கள்.

ஊர் திரும்பிய பிறகும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காட்டோரப் புதரிலும் புல்லிலும் இருக்கிற நுண்ணிய பூச்சிகளால் உண்ணிக் காய்ச்சல் வரக்கூடும், கடித்த பிறகு காய்ச்சல் தொடங்க ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஆகலாம். அந்த நாட்களுக்குள் யாருக்காவது காய்ச்சலும் தலைவலியும் வந்தால், உடலில் மறைவான இடங்களில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பொருக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் காட்டில் தங்கிவந்த செய்தியை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டால் மாத்திரையிலேயே குணமாகிவிடும்.