சிவப்பு டையும் திருப்பித் தைத்த காலரும்

குன்னூரில் 38 ஆண்டுகளாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பக்கத்து வெலிங்டன் ராணுவ முகாம் அதிகாரிகளின் கோட்டு, பள்ளிச் சீருடை, ஓட்டல் சிப்பந்திகளின் உடுப்பு என்று என் கையில் ஓடியது பெரும்பாலும் சீருடைத் துணிதான். போன இதழில் விமானிகளின் உடை பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

என் மகன் விமானிப் பயிற்சியை முடித்துவிட்டான். வேலையில் சேரும்போது வெள்ளைச் சட்டை, கருநீலக் கால்சட்டை, டை, தோளில் மாட்டும் பட்டை எல்லாம் வேண்டுமாம். ஆகாயத்தில் பறப்பவனுக்குக் கப்பல்காரர் உடை எதற்கு? நம் ஊரில் தைக்க முடியுமா?
— ஒரு தாய், கோத்தகிரி

தாராளமாகத் தைக்கலாம் அம்மா. கப்பல்காரர் உடை என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆரம்ப காலத்து விமானிகள் திறந்த இருக்கையில் உட்கார்ந்து பறந்தார்கள். குளிரும் எண்ணெய்த் தெறிப்பும் தாங்க வேண்டும் என்பதால் தோல் ஜாக்கெட்டும் உயரமான பூட்ஸும் போட்டார்கள். பணம் கொடுத்துப் பயணிகள் ஏறத் தொடங்கியதும் அந்தக் கோலம் உதவவில்லை. ஓட்டுகிறவரைப் பார்த்ததும் நம்பிக்கை வர வேண்டுமே! 1930களில் அமெரிக்காவின் பான் அமெரிக்கன் நிறுவனம் கடல்நீரில் இறங்கி எழும் பெரிய விமானங்களை ஓட்டியது. அவற்றில் ஒன்றான சைனா கிளிப்பர், 1935 நவம்பரில் தபால் மூட்டைகளோடு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பசிபிக் கடலைத் தாண்டி மணிலாவுக்குப் போனது. அந்த விமானிகளுக்குக் கடற்படை அதிகாரிகளுடையதைப் போன்ற கருநீலக் கோட்டையும் வெள்ளைத் தொப்பியையும் நிறுவனம் கொடுத்தது. கேப்டன் என்ற பெயரும் கப்பலிலிருந்து வந்ததுதான். பிறகு உலகம் முழுவதும் அதே வழக்கம் பரவிவிட்டது. கேப்டனுக்கு நான்கு பட்டை, துணை விமானிக்கு மூன்று.

சட்டையில் பட்டை தைக்கப்படுவதில்லை. தோளில் ஒரு துணிப் பட்டி வைத்துக் காலர் ஓரமாகப் பட்டன் போட்டுவிடுவோம். பட்டை அதில் செருகப்படும். கோட்டில்தான் கைநுனியைச் சுற்றித் தங்க நாடா தைக்க வேண்டியிருக்கும். அதைத் தைக்கும்போது நான் மேசையில் வைத்து மட்டும் அளப்பதில்லை. கோட்டை மாட்டி, கையைத் தொங்கவிட்டு நிற்கச் சொல்வேன். பலருக்கு ஒரு தோள் சற்றுத் தாழ்ந்திருக்கும். மேசையில் சரியாக இருந்த கைநுனி, ஆள் நின்றதும் அரை விரல் இறங்கிவிடும். முதலில் கைநுனியைச் சமன் செய்துவிட்டுப் பிறகு நாடாவைக் குறிப்பேன். எனவே மகனையும் அழைத்து வாருங்கள். பழைய சட்டையை மட்டும் அளவுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஒரு கோரிக்கைக்காகக் கருப்பு பேட்ஜ் அணிந்து வேலை செய்தோம். சீருடை விதியை மீறியதாக மெமோ கொடுத்திருக்கிறார்கள். உயர்ந்த சம்பளம் வாங்கும் விமானிகள் இப்படியெல்லாம் செய்வதுண்டா?
— ஒரு தொழிலாளி, கூடலூர்

செய்வதுண்டு தம்பி. 2011 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனத்தில் நெடுந்தூர விமானங்களை ஓட்டும் விமானிகள், நிறுவனம் கொடுத்த டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சிவப்பு டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். குவான்டாஸ் விமானத்தைக் குவான்டாஸ் விமானிதான் ஓட்ட வேண்டும், வேலையைக் குறைந்த சம்பளத்துக்கு வேறு இடத்துக்குத் தள்ளக் கூடாது என்பது அவர்கள் கேட்டது. பறக்கும்போது ஒலிபெருக்கியில் பயணிகளிடமும் அதைச் சொன்னார்கள். அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் முறையில், அறிவித்துவிட்டுச் செய்த போராட்டம் அது. டையின் நிறம் மாறியதால் ஒரு விமானமும் தாமதமாகவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று, விமானிகளோடும் பொறியாளர்களோடும் தரைப் பணியாளர்களோடும் இருந்த தகராறில், அந்த நிறுவனத்தின் விமானங்கள் அனைத்தும் தரையில் நிறுத்தப்பட்டன. நிறுத்தியது நிர்வாகம். பிறகு தீர்ப்பாயம் தலையிட்டுத்தான் மறுபடி பறந்தன.

அமெரிக்க விமானிகளுக்கு இன்னொரு கட்டு உண்டு. ரயில்வே ஊழியர்களுக்காக 1926இல் வந்த தொழிலாளர் சட்டத்தை 1936இல் விமானத் துறைக்கும் விரித்தார்கள். பேச்சுவார்த்தை, மத்தியஸ்தம் எல்லாவற்றையும் கடந்து அனுமதி கிடைக்காமல் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க முடியாது. அதற்கு வருடக்கணக்கிலும் ஆகலாம். அதுவரை என்ன செய்வது? வேலையில்லாத நாளில் சீருடையைப் போட்டுக்கொண்டு, கையில் பதாகையோடு விமான நிலைய வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். 2022 ஜூனில் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் சவுத்வெஸ்ட் விமானிகள் நூற்றுக்கணக்கில் அப்படி நின்றார்கள். அந்த ஊர் ஜூன் மாத வெயிலில்!

உங்கள் மெமோ விஷயத்துக்கு வருகிறேன். நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் போர் விமானம் செய்துகொண்டிருந்த ரிபப்ளிக் ஏவியேஷன் தொழிற்சாலையில் சங்க பேட்ஜ் அணிந்ததற்காகச் சிலரை வேலையிலிருந்து நீக்கினார்கள். 1945இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் நின்றது. டோக்கியோவின் ஓட்டல் ஒகுராவில் ஊழியர்கள் சட்டையில் ரிப்பன் குத்தி வேலை செய்தார்கள். 1982இல் ஜப்பான் உச்ச நீதிமன்றம் அது முறையான சங்க நடவடிக்கை ஆகாது என்றது. உள்ளங்கை அளவுத் துணிக்கு இரண்டு நாட்டில் இரண்டு தீர்ப்பு. ஆகவே மெமோவுக்கு நீங்களே அவசரப்பட்டுப் பதில் எழுதாமல் சங்கத்தையும் வழக்கறிஞரையும் பாருங்கள்.

தையல்காரனாக நான் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. நீங்கள் குத்தியிருந்த பேட்ஜ் எப்படிப்பட்டது? ஊசி குத்தித் தொங்கவிட்ட ரிப்பன் என்றால் அது தப்பு. தேயிலை அரைக்கும் ரோலர் அருகில் தொங்கும் துணி எதுவும் ஆகாது. நிர்வாகம் பாதுகாப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது. இரண்டு அங்குலத்துக்கு ஓர் அங்குலம் காட்டன் துணியை எடுத்து, நான்கு ஓரமும் மடித்து, சட்டைப் பையின் மேல் படிய வைத்து நான்கு பக்கமும் ஓட்டுத்தையல் போடுங்கள். சாட்டின் துணி வேண்டாம், வழுக்கும். கோரிக்கை முடிந்ததும் நூலை இழுத்தால் கையோடு வந்துவிடும், சட்டையில் ஓட்டை விழாது. மற்றபடி சட்டை துவைத்து இஸ்திரி போட்டதாக இருக்கட்டும், எல்லாப் பட்டனும் இருக்கட்டும். கருப்புத் துணி ஒன்றைத் தவிர வேறு குறை காண அவர்களுக்கு இடம் வைக்காதீர்கள்.

சீருடை என்பது கட்டுப்பாடு. அதைப் போட்டுக்கொண்டு போராடுவது அந்த உடைக்கே அவமானம். ராணுவத்தில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. உங்களைப் போன்ற அனுபவசாலிகள் இதை ஊக்கப்படுத்தலாமா?
— ஓய்வு பெற்ற சுபேதார், வெலிங்டன்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் உடை வேறு, விமானியின் உடை வேறு. அரசியலமைப்பின் 33ஆவது பிரிவு படைவீரர்களின் உரிமைகளுக்கு எல்லை வகுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் சங்கம் சேர்வதையும் கட்டுப்படுத்துகிறது. அது தெரிந்துதான் நீங்கள் அந்த உடையை ஏற்றுக்கொண்டீர்கள், அதற்கு நான் தலைவணங்குகிறேன். பயணிகள் விமானத்தை ஓட்டுகிறவர் ஒரு நிறுவனத்தின் ஊழியர். அவருக்கும் நிறுவனத்துக்கும் நடுவே இருப்பது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தத்தை மீறியது யார் என்று பார்க்காமல் உடைக்கு அவமானம் என்று நாம் சொல்லிவிடக் கூடாது.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், பக்கத்து ஹட்டியை, அதாவது படுகர் கிராமத்தைச் சேர்ந்த ஒரு தம்பி இரண்டு வெள்ளைச் சட்டையோடு கடைக்கு வந்தார். துணை விமானி. அவர் அப்பா நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைத்தவர். நான்கு மாதமாகச் சம்பளம் வரவில்லை, ஆனாலும் கூப்பிட்ட விமானத்துக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தார். நிறுவனம் புதுச் சட்டை கொடுப்பதையும் நிறுத்தியிருந்தது. இரண்டு சட்டையிலும் காலர் மடிப்பு நைந்து, நூல் மீசை போல நீட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணா, வெள்ளிக்கிழமை எல்லாரும் தலைமை அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போகிறோம். தொப்பி, டை, பட்டை உட்பட முழுச் சீருடையில் வர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். இந்தக் காலரோடு எப்படிப் போவேன்?" என்றார்.

காலரைத் திருப்பித் தைக்கும் வேலை இப்போது யாரும் கேட்பதில்லை. என் அப்பா காலத்தில் அது தினப்படி வேலை. பிளேடு முனையால் பட்டியிலிருந்து காலரை ஒவ்வொரு தையலாகப் பிரிக்க வேண்டும். இழுத்தால் துணி கிழியும். பிரித்த காலரைக் கவிழ்த்தால் வெயிலே படாத அடிப்பக்கம் புதுத் துணி போல மேலே வரும். நைந்த பக்கம் கழுத்துக்குக் கீழே மறைந்துவிடும். ஆனால் காலருக்கு விறைப்புத் தரும் பசைக் கான்வாஸ் ஒட்டியிருந்த பக்கமும் அடியில் போய்விடுவதால் நுனி துவளும். இரண்டு நுனியிலும் தபால்தலை அளவுக்குப் புதுக் கான்வாஸ் வைத்தேன். பழைய ஊசித் துளைகளிலேயே தையல் விழும்படி மெஷினைக் கையால் சுற்றித் தைத்தேன். ஒரு சட்டைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. கூலி வேண்டாம் என்றேன், அந்தத் தம்பி கேட்கவில்லை. மேசையில் வைத்துவிட்டுத்தான் போனார்.

ஊர்வலப் புகைப்படம் ஒன்றை அனுப்பியிருந்தார். வரிசை வரிசையாக வெள்ளைச் சட்டை. ஒருவருக்கும் டை கோணலாக இல்லை. கோஷம் போட்ட மாதிரியும் தெரியவில்லை. தெருவோரம் நின்றவர்கள் விலகி வழி விட்டிருந்தார்கள். ஐயா, வேட்டி சட்டையில் அதே முந்நூறு பேர் போயிருந்தால் யார் என்றே ஊருக்குத் தெரிந்திருக்காது. நேற்று வரை எங்களை நம்பி ஏறினீர்களே, எங்கள் நிலை இதுதான் என்று அந்த உடை சொன்னது. அதில் அவமானம் எனக்குத் தென்படவில்லை. சம்பளம் கொடுக்காமல் அந்த உடையை மாட்டிக்கொண்டு வா என்று சொன்னவர்களுக்குத்தான் அது அவமானம்.

பாக்கிச் சம்பளம் முழுதும் அவருக்கு வரவில்லை. இப்போது வேறு நிறுவனத்தில் பறக்கிறார்.

விமானிகள் தாடி வைக்கக் கூடாது என்பது உண்மையா?
— கல்லூரி மாணவர், ஊட்டி

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆக்சிஜன் முகமூடி தாடியில் சரியாகப் படியாது என்பது பழைய காரணம். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் தாடி வைத்தவர்களை வைத்தே சோதித்துப் பார்த்து, முகமூடி சரியாகவே வேலை செய்கிறது என்றார்கள். 2018இல் ஏர் கனடா தன் விமானிகளுக்குத் தாடியை அனுமதித்தது. பாதுகாப்பு என்று சொல்லி ஒரு விதி போட்டால் அதைச் சோதித்தும் பார்க்க வேண்டும்; அவர்கள் பார்த்தார்கள், பாராட்டுகிறேன்.

விமானியாக ஆசைப்படுகிறேன். பெண்களுக்குச் சீருடையில் வேறுபாடு உண்டா? பாவாடை போடச் சொல்வார்களா?
— பிளஸ் டூ மாணவி, கொடைக்கானல்

ஆசைப்படு மகளே, நம் நாட்டில் துர்பா பானர்ஜி 1966லேயே இந்தியன் ஏர்லைன்ஸில் விமானியானவர். விமானி அறைக்குப் பெண்களும் பெரும்பாலும் கால்சட்டையில்தான் போகிறார்கள். பாவாடைப் பிரச்சினை பணிப்பெண்களுக்குத்தான் நீண்ட காலம் இருந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் கால்சட்டை போடும் உரிமையை 2016இல்தான் சங்கத்தின் மூலம் போராடிப் பெற்றார்கள். உனக்கு வரப்போகும் தொல்லை வேறு. ஆண் அளவில் வெட்டிய சட்டையைச் சின்ன சைஸில் கொடுத்துவிடுவார்கள். தோள் இறங்கி, பட்டை கைப்பக்கம் சரியும். தோள்மூட்டைப் பிரித்து உள்ளே ஏற்றி, மார்புக்கு இரண்டு பக்கமும் டார்ட் என்னும் கூம்பு மடிப்புப் பிடித்தால் சரியாகிவிடும். வேலை கிடைத்ததும் எழுது, நானே தைத்துத் தருகிறேன்.

மறைந்த என் கணவர் விமானியாக இருந்தவர். அவருடைய கோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இந்த மழைக்காலத்தில் கையிலுள்ள தங்க நாடா கறுத்து, காலரில் பூஞ்சை பிடித்திருக்கிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகி, குன்னூர்

பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன் அம்மா. முதலில் அதைக் கழற்றுங்கள். நம் ஊர் ஈரம் உள்ளே புகுந்தால் வெளியே வராது. வெயில் வரும் நாளில் நிழலில் காற்றாட மாட்டி, பூஞ்சையை மென்மையான பிரஷால் வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டுங்கள். துவைத்த பழைய மல் வேட்டியில் உறை தைத்துப் போடுங்கள். அந்துருண்டையும் சென்ட்டும் நாடாவில் படக் கூடாது. கறுத்த நாடாவைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், ஜரிகை போய்விடும். புது நாடா மாற்றச் சொல்லியும் கேட்காதீர்கள். அவர் பறந்த நாடா அது, கறுத்தாலும் இருக்கட்டும். பிரிந்த தையல் இருந்தால் மட்டும் கொண்டு வாருங்கள். கடையில் வைத்துவிட்டுப் போக வேண்டாம், நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே கைத்தையல் போட்டுத் தந்துவிடுகிறேன்.