காசுக்குத் தைக்கத் தொடங்கியதும் ஆசை போய்விட்டது

அன்புள்ள ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு வயது 44. கை எம்பிராய்டரி என்றால் உயிர். மத்தியானம் வேலை ஓய்ந்து வளையத்தோடு உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. அக்கம்பக்கத்தில் ரவிக்கைக்குப் பூவேலை கேட்டார்கள். செய்துகொடுத்தேன், ஆர்டர் பெருகிவிட்டது. இப்போது ஊசியைக் கண்டாலே சலிப்பு. நூல் சிக்கினால் அழுகை வருகிறது. கூடப் படித்த தோழிகள் முக்கொம்புக்கு ஒரு நாள் போய்வரலாம் என்கிறார்கள். முடிக்காத ரவிக்கை வீட்டில் கிடக்க, ஊர் சுற்றுவதா என்று மனசு குத்துகிறது. "வர்ற காசை ஏன் விடணும்?" என்கிறார் கணவர். நான் சோம்பேறி ஆகிவிட்டேனா?

— திருச்சி வாசகி

அன்புச் சகோதரிக்கு,

இது சோம்பல் இல்லை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் படம் வரையப் பிடித்த சின்னக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழந்தைகள், பிறகு தாமாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்த குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. ஆக, கெடுப்பது காசு அல்ல. காசுக்காகத்தான் தைக்கிறோம் என்ற எண்ணம் உள்ளே குடியேறிவிடுவதுதான்.

அதனால் ஆர்டரை அடியோடு விடச் சொல்லமாட்டேன். மாதத்துக்கு இத்தனைதான் என்று ஒரு வரம்பு வையுங்கள். அதில் எவ்வளவு வரும் என்று கணவரிடம் கணக்காகவே சொல்லிவிடுங்கள். ஆர்டருக்குத் தனி வளையம், தனி டப்பா. உங்களுக்கென்று ஐந்து அங்குல வளையம் ஒன்று, வெள்ளைப் பருத்தித் துணி ஒன்று. அதில் வருவது விற்பனைக்கு இல்லை.

அந்தத் துணியில் கைக்குப் பழகிய சங்கிலித் தையலையே போடாதீர்கள். கொஞ்சம் சவாலானதை எடுங்கள். சவாலும் திறமையும் ஈடாக இருக்கும்போதுதான் மனம் ஒன்றிப்போகிறது என்பது உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் சொன்னது. ஊசியில் நூலைப் பலமுறை சுற்றிப் போடும் புல்லியன் ரோஜா நல்ல தேர்வு. சாதாரண எம்பிராய்டரி ஊசியில் காது பக்கம் பருத்திருக்கும். சுற்றிய நூல் அங்கே மாட்டிக்கொள்ளும். காதும் தண்டும் ஒரே பருமனில் உள்ள மில்லினர் ஊசி வாங்குங்கள், சுற்றுகளை இறுக்காதீர்கள். பிரெஞ்சு முடிச்சு பின்பக்கம் நழுவுகிறதா? ஊசியை வந்த துளையிலேயே இறக்குகிறீர்கள். ஓரிரு துணி இழை தள்ளி இறக்குங்கள், இடக்கையால் நூலை இழுத்துப் பிடித்தபடி.

நூல் சிக்குவதற்கும் காரணம் உண்டு. அவசரத்தில் நீளமாக வெட்டுகிறோம். தைக்கத் தைக்க அது முறுக்கேறுகிறது. 45 செ.மீ. போதும். ஆறு இழையையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, இரண்டை மட்டும் சேர்த்து ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு தையலுக்கு ஒருமுறை ஊசியைத் தொங்கவிட்டால் முறுக்கு தானே அவிழும். அழுகையில் பாதி இதிலேயே நின்றுவிடும் என்று நம்புகிறேன்.

முக்கொம்புக்குக் கட்டாயம் போங்கள். கிளம்புவதற்கு முந்தின நாளே ஆர்டர் கொடுத்தவர்களிடம் "நாளை போன் எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். மனசைக் குத்துவது பாதி அந்தப் போன்தான். கல்லணை, கோயில் என்று நாலு இடத்தைக் கோக்காதீர்கள். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற அந்த ஒரு இடமே, மர நிழலும் கட்டுச்சோறுமாக, ஒரு பகலுக்குத் தாராளம். கூடவே உங்கள் சின்ன வளையத்தைக் கொண்டுபோகலாம்: வரைபடத்தை வீட்டிலேயே பதித்து, நூலை வெட்டி வைத்து, இரண்டு ஊசி, சின்னக் கத்தரி. சாப்பாட்டுக்குப் பின் பேசிக்கொண்டே தைக்கக் காம்புத் தையல் ஏற்றது. புல்லியனுக்கு எண்ணிக்கை தப்பும். தைத்து முடித்ததும் வளையத்தைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் துணியில் தடம் பதியும். ரவிக்கை மட்டும் பையில் வேண்டாம்.

ஒன்று கவனியுங்கள். தையல் மட்டுமின்றிச் சாப்பாடு, பேச்சு, தூக்கம் எதிலுமே இரண்டு வாரத்துக்கு மேல் பிடிப்பில்லை என்றால் அது வேறு. மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.