6174: ஒரு கடிதம், ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

எட்டாவது படிக்கும் என் மகள் பள்ளியிலிருந்து ஒரு கணக்கோடு வந்தாள். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து, அதன் இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிக் கழிக்க வேண்டும். விடையை வைத்து மறுபடியும் அதையே செய்ய வேண்டும். எதை எடுத்தாலும் கடைசியில் 6174-இல் வந்து நிற்கிறது. வாட்ஸப்பில் இதை ‘மர்ம எண்’ என்கிறார்கள். இது அந்த எண்ணின் குணமா, நாம் எண்களை எழுதும் முறையால் வரும் வேடிக்கையா? வேடிக்கைதான் என்றால் இதில் கணிதம் எங்கே இருக்கிறது?

ஆர்., கரூர்

அன்புள்ள ஆர்.,

எழுதும் முறையால் வருவதுதான். நாம் பத்துப் பத்தாகத் தொகுத்து எண்களை எழுதுகிறோம். அந்த அடிமானம் பத்துக்குப் பதில் வேறாக இருந்தால் இலக்கங்களே மாறிவிடும், இந்த ஆட்டமும் மாறிவிடும். எப்படி எழுதினாலும் மாறாத குணங்கள் வேறு. 6174 = 2 × 3² × 7³. தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் 9426, தன்னைவிட அதிகம். அதனால் இது மிகை எண். 18 + 18² + 18³ என்றும் இதைப் பிரிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசி குணம்.

ஆனால் முதல் வகையை வெறும் வேடிக்கை என்று ஒதுக்க நான் சம்மதிக்க மாட்டேன். காரணத்தைப் பாருங்கள். நான்கு இலக்கங்களில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தை 999-ஆல் பெருக்குங்கள். நடுவில் உள்ள இரண்டின் வித்தியாசத்தை 90-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் அதுதான் கழித்தல் விடை. முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரை இருக்கலாம். இரண்டாவது அதைத் தாண்டாது. எண்ணிப் பார்த்தால் மொத்தம் 54 ஜோடிதான். அதாவது 1111, 2222 போன்றவற்றை விட்டுவிட்டால், எந்த நான்கு இலக்க எண்ணும் ஒரே கழித்தலில் இந்த 54 விடைகளில் ஒன்றாகிவிடுகிறது. முன்னால் பூஜ்யம் வந்தால் அதையும் இலக்கமாக வைத்துக்கொண்டு, 54-ஐயும் உட்கார்ந்து சரிபார்த்தால் நிரூபணம் முடிந்தது. 6174-ஐ இறங்குவரிசையில் எழுதினால் 7641. அதில் அந்த வித்தியாசங்கள் 6-ம் 2-ம். 5994 + 180 = 6174. அதன் இலக்கங்களும் அதே நான்கு என்பதால் அங்கேயே நிற்கிறது. எட்டாம் வகுப்புக் குழந்தை தானே நிரூபிக்கக்கூடிய ஒன்றை ‘மர்மம்’ என்று சொல்லி நிறுத்துவது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

இதைக் கண்டுபிடித்தவர் த. ரா. கப்ரேக்கர், நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியர். 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான் இதை அறிவித்தார். அவருடைய வேலையை அற்பம் என்று நினைத்த கணிதக்காரர்கள் இங்கே உண்டு. 1975-இல் கணிதப் புதிர்கள் எழுதும் அமெரிக்கர் மார்ட்டின் கார்ட்னர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய பிறகுதான் உலகம் அவரைக் கவனித்தது. தன் இலக்கக் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கு ‘ஹர்ஷத்’ என்று பெயர் வைத்தவரும் அவரே. 6174-ம் அந்த வகைதான்: கூட்டுத்தொகை 18, வகுத்தால் 343, அதாவது 7³.

மகளை 1949-ஐ எடுத்துக் கழிக்கச் சொல்லுங்கள். 8442, 5994, 5355, 1998, 8082, 8532, அப்புறம் 6174. ஏழு கழித்தல்; எந்த எண்ணுக்கும் இதற்கு மேல் தேவைப்படாது. அடுத்து மூன்று இலக்கத்தில் முயலட்டும், 495-இல் நிற்கும். ஐந்து இலக்கத்தில் இப்படி நிற்கும் எண்ணே கிடையாது. 53955-ஐ எடுத்து இரண்டு முறை கழித்துப் பார்த்தால் என்ன நடக்கிறது என்று அவளே சொல்வாள்.