வாசகர் கேள்வி: பாங்காக்கில் நண்டு சாப்பிடப் போகிறோம்

கேள்வி: பிள்ளைகளோடும் அப்பச்சியோடும் பாங்காக் போகிறோம். அங்கே சைனா டவுனில் ஒரு ராத்திரியாவது நண்டு, மீன் சாப்பிட வேண்டும் என்று ஆசை. ஆனால் எல்லாமே இனிப்பும் புளிப்புமாக இருக்கும், நம் நாக்குக்கு ஒத்து வராது, ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்துப் போங்கள் என்கிறார்கள். அப்படியா?
- வாசகி, காரைக்குடி

பதில்: ஊறுகாயை ஓட்டல் அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தொண்டி மீனும் நண்டு மசாலாவும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குத் தாய்லாந்துக் கடல் உணவு அந்நியமே இல்லை, கேட்டு வாங்கத் தெரிந்தால் போதும்.

முதலில் 'பூ பட் பொங் கரி' கேளுங்கள். நண்டை மசாலாப் பொடி, முட்டை, வெங்காயத்தாள் எல்லாம் போட்டுப் பிரட்டித் தருவார்கள். மஞ்சளும் மல்லியும் சீரகமும் சேர்ந்த பொடிதான், ஆனால் நம் நண்டு வறுவல் அளவுக்குக் காரம் இருக்காது, குழம்பு கொஞ்சம் வழவழப்பாக இருக்கும். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். அப்புறம் 'பிளா கபொங் நுங் மனாவ்'. நம் கடற்கரையில் கிடைக்கும் அதே கொடுவா மீன்தான், முழுசாக ஆவியில் வேகவைத்து, எலுமிச்சைச் சாறு, பூண்டு, பச்சை மிளகாய் ஊற்றித் தருகிறார்கள். எண்ணெய் கிடையாது, அப்பச்சிக்கு வயிற்றுக்கும் நல்லது. 'டோம் யம் கூங்' என்ற இறால் சூப்பில் எலுமிச்சைப்புல்லும் அரத்தையும் துண்டு துண்டாகக் கிடக்கும். நம் குழம்பில் பட்டை, மராட்டி மொக்கை ஒதுக்குகிற மாதிரி அவற்றை ஒதுக்கிவிட வேண்டும், மெல்லக் கூடாது.

காரம் வேண்டுமா? சுட்ட இறாலோடு ஒரு சின்னக் கிண்ணத்தில் பச்சை நிறத்தில் ஒரு சாறு வைப்பார்கள். குட்டி மிளகாய், பூண்டு, எலுமிச்சை, மீன் சாறு (ஃபிஷ் சாஸ்), கொத்தமல்லி வேர், துளி சர்க்கரை. அதைத் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், நம் ஊர்க் காரத்துக்குக் கொஞ்சமும் குறையாது! காரம் வேண்டாத பிள்ளைகளுக்கு 'மை பெட்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆளுக்கொரு தட்டு என்று ஆர்டர் செய்யாதீர்கள். அங்கே எல்லாம் நடுவில் வைத்து, அவரவர் சோற்றில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போட்டுக்கொள்வதுதான் பழக்கம். ஒரு புளிப்பு, ஒரு வறுவல், ஒரு சூப், ஒரு கீரை என்று சேர்த்து வாங்கினால்தான் ருசி தெரியும், புளிப்பை மட்டும் தனியாகச் சாப்பிட்டவர்கள்தான் நாக்குக்கு ஒத்து வரவில்லை என்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இடம் சைனா டவுனில் இருக்கும் யாவராத் சாலை. 2019இல் மெட்ரோ வந்துவிட்டது, வாட் மங்கோன் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். சாயங்காலம் ஆனதும் நடைபாதை முழுக்க அடுப்பும் பிளாஸ்டிக் நாற்காலியுமாக ஆகிவிடும், நெரிசல் அதிகம். அப்பச்சியை வைத்துக்கொண்டு அங்கே நின்று காத்திருக்க வேண்டாம், உள்ளே மேசை போட்ட கடையாகப் பார்த்து கொஞ்சம் சீக்கிரமே போய் உட்கார்ந்துவிடுங்கள். திங்கட்கிழமை பல தெருக்கடைகளுக்கு விடுமுறை, அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அங்கே மீன் சாப்பிட்டால் பில் எகிறிவிடும் என்கிறார்களே?
- வாசகர், தேவகோட்டை

பதில்: எகிறுவது பெரும்பாலும் எடைக் கணக்கில்தான். தொட்டியில் உயிரோடு இருக்கும் நண்டு, பெரிய ஆற்று இறால் இவற்றுக்கெல்லாம் அட்டையில் போட்டிருக்கும் விலை 100 கிராமுக்கா, கிலோவுக்கா, தட்டுக்கா என்று கேளுங்கள். சமைக்கும் முன்பே நிறுக்கச் சொல்லி, மொத்தம் எவ்வளவு என்று கால்குலேட்டரில் காட்டச் சொல்லுங்கள், இதில் கூச்சமே வேண்டாம். ஏசி போட்ட பெரிய உணவகங்களில் விலைப்பட்டியலில் '++' என்று இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும் 7 சதவீத வரியும் மேலே வரும். தெருக்கடைக்கு ரொக்கமாக பாத் நோட்டு வைத்திருங்கள்.

கேள்வி: எங்கள் ஆத்தா சைவம். அதே கடையில் கீரை, காய் வாங்கிக் கொடுக்கலாமா?
- வாசகி, கோட்டையூர்

பதில்: வேண்டாம். கீரை வதக்கலில்கூட மீன் சாறோ சிப்பிச் சாறோ ஊற்றுவார்கள், பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால் கிடக்கும். சீலோம் பகுதியில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, அந்த வட்டாரத்தில் இந்திய உணவகங்கள் உண்டு. ஆத்தாவை அங்கே கூட்டிப் போய் நிம்மதியாகச் சாப்பிட வைத்துவிட்டு, அப்புறம் நீங்கள் நண்டுக்குப் போங்கள். கடையில் ஆத்தாவுக்கு ஓர் இளநீர் வாங்கிக் கொடுங்கள்.