இரண்டு பேர் கூடினால் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். பீடி சுற்றுகிறேன். கணவர் மும்பையில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார், தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும் வருவார். மூத்தவள் நர்சிங் படிக்கிறாள். இளையவனுக்குப் பதினொரு வயது. அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

காலையில் எழுந்ததும் டீக்கடைக்குப் போய்ப் பேப்பரில் அணை நீர்மட்டம் பார்த்துவிட்டு வருவான். பாபநாசம் 143 அடியில் இன்று எவ்வளவு, சேர்வலாறு 156 அடியில் எவ்வளவு, மணிமுத்தாறு 118 அடியில் எவ்வளவு என்று தெருவில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒப்பிப்பான். நடுவில் யாராவது பேசினால் மறுபடியும் பாபநாசத்திலிருந்து தொடங்குவான். போன வருடம் வகுப்பில் ஆசிரியர் ஏதோ கோபத்தில், 'என் கண் முன்னால் நிற்காதே, போய்விடு' என்று சொல்லியிருக்கிறார். இவன் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டான். கேட்டால், 'சார் போகச் சொன்னார்' என்கிறான். மறுநாள் என்னென்ன நடக்கும் என்பதை முந்தின இரவு இலை வெட்டிக்கொண்டே வரிசையாகச் சொல்லிவிடுவேன். சொன்னபடி நடந்தால் அமைதியாக இருப்பான். பஸ் வராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

மதுரையில் காட்டினோம். இவனுக்கு இருப்பது 'ஆஸ்பெர்கர்' என்று டாக்டர் வாயால் சொன்னார். சீட்டில் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்று எழுதியிருக்கிறது, மற்றவர்களோடு பேசுவதிலும் பழகுவதிலும் பிள்ளைகளுக்கு இருக்கும் ஒரு வித்தியாசமாம். கர்ப்பமாக இருக்கும்போது கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணம் என்கிறார் மாமியார்.

டாக்டர் அறைக்கு வெளியே அம்பையைச் சேர்ந்த ஒரு அம்மாவைப் பார்த்தேன். வங்கியில் வேலை. அவர் மகனும் இவனைப்போலத்தான். மாதம் ஒரு ஞாயிறு சந்தித்துப் பேசலாம், இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள் என்கிறார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. டாக்டருக்கே முழுவதும் பிடிபடாத விஷயத்தில் நாங்கள் பேசி என்ன ஆகப்போகிறது? கூடி அழுதுவிட்டு வருவோம். வெளியே தெரிந்தால் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது இது ஒரு பேச்சாகும். போவதென்றால் பையனைக் கூட்டிப் போவதா, விட்டுவிட்டுப் போவதா? இப்படிப்பட்ட ஒரு பிள்ளையைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

எம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

தயங்காமல் போங்கள். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், அது முதல் இரண்டு ஞாயிறுகளோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கும்.

டாக்டருக்கே பிடிபடாததை நாங்கள் பேசி என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் டாக்டர் சொன்ன அந்தப் பெயரை உலகம் அறியச் செய்தவர் யார் தெரியுமா? இப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் தாய். ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற வியன்னா மருத்துவர் 1944இல் இத்தகைய சிறுவர்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதினார். வெளியுலகம் அதை ஏறக்குறைய கவனிக்கவே இல்லை. லண்டனில் லோர்னா விங் என்று ஒரு மனநல மருத்துவர் இருந்தார். அவருடைய மகளுக்கு ஆட்டிசம். 1962இல் மற்றப் பெற்றோர்களோடு சேர்ந்து அவர் ஒரு சங்கம் தொடங்கினார். அவர்கள் பிள்ளைகளை எந்தப் பள்ளியும் ஏற்கவில்லை, ஆகவே 1965இல் அந்தச் சங்கமே ஒரு பள்ளியைத் திறந்தது. 1981இல் விங் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் ஆஸ்பெர்கர் என்ற பெயர் பரவியது.

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் பெரிய மருத்துவர்களே, தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உங்கள் மாமியாராவது கிரகணத்தின் மேல் பாதிப் பழியைப் போடுகிறார். அந்தக் கருத்தை 1964இல் புத்தகம் எழுதி உடைத்தவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். உளவியலாளர், ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தகப்பன். அடுத்த ஆண்டே அங்கும் பெற்றோர் சங்கம் பிறந்தது. டெல்லியில் 1991இல் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் அமைப்பைத் தொடங்கிய மெர்ரி பருவாவும் ஒரு தாய்தான். டாக்டர்கள் முழுவதும் கண்டுபிடித்து முடித்த பிறகு நாம் கூடலாம் என்று இவர்கள் காத்திருந்தால், இன்று உங்கள் கையில் அந்தச் சீட்டே இருந்திருக்காது.

சீட்டில் வேறு பெயர் இருப்பதற்குக் காரணம் எளிது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஆஸ்பெர்கரைத் தனியாக வைக்காமல் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரத்துக்குள் சேர்த்துவிட்டது. 2022 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் அப்படியே. பழைய பழக்கத்தில் டாக்டர்கள் வாயில் வருகிறது. அந்தப் பெயர் போனதில் எனக்கு வருத்தமில்லை. நாஜி ஆட்சியில் ஆஸ்பெர்கர் சில குழந்தைகளை, அவர்கள் உயிரோடு திரும்ப வழியில்லாத ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார் என்பது 2018இல் ஆவணங்களோடு வெளிவந்தது.

கிரகணத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1977இல் இரட்டைக் குழந்தைகளை வைத்து இங்கிலாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இரண்டு பிள்ளைக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் அதற்குப் பின் வந்த பெரிய ஆய்வுகளும் மரபணுவின் பக்கமே கை காட்டுகின்றன. ஒரே வயிற்றில் ஒரே காலத்தில் இருந்த பிள்ளைகள் அவர்கள், கிரகணம் எல்லோருக்கும் பொது. மாமியாரிடம் இதை வாதாட வேண்டாம். அன்றைக்கு ஊரில் வேறு எத்தனை பேர் கர்ப்பமாக வெளியே போனார்கள் என்று மட்டும் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். டாக்டர் உங்கள் மகனை அரை மணி நேரம் பார்க்கிறார். நீங்கள் பதினொரு வருடமாகப் பார்க்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்தது உங்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது, அவ்வளவுதான் குறை. மறுநாள் நடப்பதை இரவே வரிசையாகச் சொல்லிவிடுகிறீர்களே, அதைத்தான் பயிற்சி மையங்களில் காசு வாங்கிக்கொண்டு கற்றுத் தருகிறார்கள். யாரும் சொல்லித் தராமல், மடியில் பீடிச் சுளவை வைத்துக்கொண்டு நீங்களாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். வங்கியில் வேலை பார்க்கும் அந்த அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரியாமலும் இருக்கலாம்.

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பையன் டவுன் பஸ்ஸில் ஏறினாலே காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். கூட்டம் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அவன் தாய் ஆளில்லாத மதிய பஸ்ஸில் ஏற்றிப் பார்த்தார். அப்போதும் அலறினான். இன்னொரு தாய் உடன் பயணம் செய்தபோதுதான் கவனித்தார், அவன் ஏறும்போது அலறவில்லை, கண்டக்டர் கையில் விசில் எடுக்கும்போதே தொடங்குகிறான். அவருடைய மகளுக்கு மிக்ஸி சத்தம் ஆகாது, அதனால் அவர் கண் நேராகச் சத்தத்தின் பக்கம் போயிருக்கிறது. அதேபோல ஒரு விசிலை வாங்கிப் பையனிடமே கொடுத்தார்கள். வீடே காது கிழிய ஊதித் தள்ளினான். எப்போது சத்தம் வரும் என்பது தன் கையில் இருக்கிறது என்றதும் பயம் குறைந்தது. இப்போது கண்டக்டருக்குப் பக்கத்து இருக்கையில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிக்கிறான், அது வேறு தொல்லை.

மகளிர் குழுவில் நீங்கள் இருந்திருப்பீர்கள். 1989இல் தருமபுரியில் தொடங்கியது இன்று நம் தாமிரபரணிக் கரை ஊர்கள் வரை பாயும் நோட்டுமாகப் பரவிவிட்டது. அந்த நடைமுறையே போதும். எல்லோரும் ஒரே பாயில் உட்கார வேண்டும், வங்கிக்காரம்மாவுக்கு மட்டும் நாற்காலி கூடாது. ஒரு நோட்டு வேண்டும். பிள்ளை அலறினான் என்று மட்டும் எழுதினால் பயனில்லை. அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள், அதன்பின் என்ன ஆனது என்று எழுதுங்கள். நாலு மாதம் எழுதினால் விசில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இத்தகைய கூட்டங்கள் கெட்டுப்போவதையும் பார்த்திருக்கிறேன். என் பிள்ளை பேசிவிட்டான், உன் பிள்ளை இன்னும் பேசவில்லையா என்று ஒருவர் தொடங்கினால் அடுத்த மாதம் இரண்டு பேர் வரமாட்டார்கள். 'தெய்வக் குழந்தை' என்று சொல்கிறவர்களிடம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அப்படிச் சொல்கிறவர் யாரும் அரை நாள் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முன்வந்து நான் கண்டதில்லை. அதைவிட மோசம் குணப்படுத்தித் தருகிறேன் என்று வருகிறவர்கள். ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பார்கள். ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு அதை ஆய்வுக்கு வெளியே செய்யக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலே சொல்கிறது. தனியாக இருக்கும் தாய் நகையை அடகு வைத்துவிடுவாள். நாலு பேர் இருந்தால் ஒருத்தியாவது, 'எங்கே, குணமான ஒரு பிள்ளையைக் காட்டு' என்று கேட்பாள்.

மகள் கல்யாணம் பற்றிய உங்கள் பயத்தைச் சிறிதாக நினைக்கவில்லை. நம் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கிற விசாரிப்பு எனக்கும் தெரியும். ஆகவே கூட்டத்தில் பேசுவது வெளியே போகக் கூடாது என்பதை முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுங்கள், மீறுகிறவரை மறுமுறை அழைக்காதீர்கள். உங்கள் ஊரிலும் வேண்டாம், அம்பையிலும் வேண்டாம், சேரன்மகாதேவியில் யார் வீட்டிலாவது கூடுங்கள். கேட்பவர்களிடம் சீட்டுக் கட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள், பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் மகளிடம் மறைக்காதீர்கள். நர்சிங் படிக்கிற பெண், தம்பியைப் பற்றி மற்றவர்களைவிட அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும். எப்போது யாரிடம் சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

கணவர் கொடைக்கு வரும்போது அவரையும் ஒரு முறை அழைத்துப் போங்கள். ஆண்கள் வாய் திறக்க மாட்டார்கள், கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

பையனை முதல் மூன்று மாதம் கூட்டிப் போக வேண்டாம். அவன் எதிரில் அவனைப் பற்றிப் பேசுவது தவறு. கவனிக்காததுபோல இருப்பான், ஆனால் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பான். பிறகு பிள்ளைகளுக்கென்று ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து விளையாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். இவன் ஒரு மூலையில், வங்கிக்காரம்மாவின் மகன் ஒரு மூலையில் இருக்கட்டும். இதே தன்மையோடு வளர்ந்து வேலைக்குப் போகிற யாரையாவது ஒரு நாள் அழைத்துப் பேசச் சொல்ல முடிந்தால் அது நாலு டாக்டரைப் பார்த்ததற்குச் சமம். விசில் சத்தம் உள்ளே எப்படிக் கேட்கிறது என்று அவர்தான் சொல்ல முடியும்.

கடைசியாக, வங்கிக்காரம்மாவிடம் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பற்றி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு மருத்துவமனையில் 40 கேள்விகள் கொண்ட அளவுகோலை வைத்து மதிப்பிடுவார்கள். பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதப் பாதிப்பு என்று சான்றிதழில் இருக்க வேண்டும். நன்றாகப் படிக்கிற, கணக்காகப் பேசுகிற பிள்ளையைப் பார்த்து இவனுக்கு என்ன குறை என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு. அப்போது அந்த நோட்டையும், பள்ளியிலிருந்து வெயிலில் நடந்து வந்த கதையையும் எடுத்துச் சொல்லுங்கள். அடையாள அட்டை கிடைத்தால் நிராமயா என்ற மத்திய அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைத் தலைமை ஆசிரியர் வழியாகக் கேட்க வேண்டும். அவன் இப்போது ஆறாம் வகுப்பு என்று நினைக்கிறேன். அட்டையை எட்டாம் வகுப்புக்குள் வாங்கிவிடுங்கள், பத்தாம் வகுப்பில் போய் அலைய வேண்டாம்.

அன்புடன்
அண்ணாச்சி
பாளையங்கோட்டை