எலைட்: பள்ளத்தூர் வீட்டு டிவியில் ஓடிய வியாபாரம்

கேள்வி: ஆரம்பகால விண்வெளி வணிகக் கணினி விளையாட்டுகளை ஆடியிருக்கிறீர்களா? எது இன்னும் மனதில் நிற்கிறது, ஏன்?

எலைட். யோசிக்கவே வேண்டாம்.

கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரண்டு பேர் எழுதிய விளையாட்டு. 1984-ல் பிபிசி மைக்ரோ கணினிக்கு வந்தது. நான் ஆடியது ஸ்பெக்ட்ரம் என்ற இன்னொரு வீட்டுக் கணினிக்கு அடுத்த வருஷம் வெளியான பதிப்பு. எண்பதுகளின் கடைசியில், சிங்கப்பூரிலிருந்து அம்மான் ஊருக்கு வந்தபோது பெட்டிக்குள் ஒரு ஸ்பெக்ட்ரமும் கொஞ்சம் கேசட்டுகளும் இருந்தன. அதற்கு முந்தைய பயணத்தில் அவர் கொண்டுவந்த கலர் டிவி செட்டிநாட்டில் உள்ள எங்கள் பள்ளத்தூர் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. அந்த டிவியிலேயே இதையும் மாட்டினோம்.

கேசட்டில் இருந்து விளையாட்டு ஏறுவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். டேப்ரிகார்டரைக் கணினியோடு ஒயரால் இணைத்து பிளே அழுத்தினால் கீச்சென்று ஒரு சத்தம். திரையின் ஓரத்தில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமும், அப்புறம் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடும். வால்யூம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஏறாது. எந்த இடத்தில் திருகு நிற்க வேண்டும் என்று கண்டுபிடித்து அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். சில நிமிஷம் பொறுத்திருந்து ஏறி முடிந்தாலும் உடனே ஆட முடியாது. திரையில் இரண்டு எழுத்துகள் சிதைந்து தெரியும். கூடவே வரும் பிளாஸ்டிக் லென்ஸை மடக்கி டிவி மேல் ஒட்டினாற்போல் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த எழுத்துகளைப் படித்து அடிக்க வேண்டும். திருட்டுப் பிரதியைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. மூன்று தடவைக்குள் சரியாக அடிக்காவிட்டால் மறுபடி கேசட்டைச் சுற்றி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். இத்தனையும் முடிந்து ஆட்டம் தொடங்கும் நேரத்தில் கரண்ட் போன மத்தியானங்கள் எங்கள் ஊரில் நிறைய.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். லேவ் என்ற கிரகத்தை ஒட்டிய விண்வெளி நிலையத்தில் உங்கள் கப்பல் நிற்கும். பெயர் கோப்ரா மார்க் 3. கையில் 100 கிரெடிட் (விளையாட்டில் பணத்துக்குப் பெயர் அதுதான்), 20 டன் சரக்கு ஏற்ற இடம், 7 ஒளியாண்டு போகிற அளவுக்கு எரிபொருள். அவ்வளவுதான். இன்னதைச் செய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முடிவு என்று ஒன்றும் கிடையாது. சந்தை விலைப் பட்டியலைத் திறந்தால் உணவு, துணி, மது, கணினி, இயந்திரம், உலோகக் கலவை, தோல், தங்கம், பிளாட்டினம் என்று வரிசையாக இருக்கும். எங்கே வாங்குவது, எங்கே விற்பது என்பது உங்கள் பாடு.

அந்தப் பட்டியல்தான் ஐயாவை, அதாவது அப்பாவின் அப்பாவை, டிவி முன்னால் உட்கார வைத்தது.

ஐயா யுத்தத்துக்கு முன்னால் பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாக (கடையில் தொழில் பழகும் எடுபிடிப் பையன்) போய், முதலாளியின் ஏஜெண்டுக்கு அடுத்த நிலையில் இருக்கும் அடுத்தாளாகி, 1942-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டு வியாபாரத்துக்குப் போவதைக் கொண்டு விற்கப் போவது என்பார்கள். இந்த விளையாட்டில் நான் செய்துகொண்டிருந்ததும் அதேதான். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் வரும், ஆனால் எண்கள் போதுமே. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "இது என்ன சரக்கு? இங்கே என்ன விலை? போற ஊர்ல என்ன விலை?" என்று கேட்டார். லேவ் விவசாய கிரகம், உணவு டன் 4 கிரெடிட் அளவில் கிடைக்கும். பக்கத்தில் உள்ள ஜவோன்ஸ் தொழில் கிரகம், அங்கே உணவுக்குக் கூடுதல் விலை உண்டு என்று சொன்னேன். "போறது சரிப்பா, வரும்போது என்ன ஏத்துவே?" என்றார்.

அதுவரை நான் லாபத்தைப் போகும் வழியில் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது தொழில் கிரகத்துக் கணினிகளை ஏற்றி வந்து விவசாய கிரகத்தில் இறக்கினால் உணவில் வருவதைப் போலப் பல மடங்கு வரும். கையில் முதல் சேரச் சேர ஒவ்வொரு டன்னாகக் கூட்டலாம். ஐயா ஒரு பழைய நோட்டை எடுத்து, மேலே பிள்ளையார் சுழி போட்டு, பற்று ஒரு பக்கம் வரவு ஒரு பக்கமாக எழுத ஆரம்பித்தார். லேவ், டிசோ, லீஸ்டி, ஜவோன்ஸ் எல்லாம் தமிழில் அவர் கையெழுத்தில் இருக்கும். ஒரே ஊரில் இரண்டாம் தடவை இறங்கும்போது விலை கொஞ்சம் ஏறி இறங்கியிருக்கும் என்பதால், ஒவ்வொரு தடவையும் என்ன விலை என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். அப்பத்தா சாப்பிடக் கூப்பிட்டால், "சரக்கு இறக்கிட்டு வர்றோம்" என்பார்.

ஒவ்வொரு கிரகத்துக்கும் அரசாங்கம் எப்படிப்பட்டது என்றும் விளையாட்டில் போட்டிருக்கும். லேவ் சர்வாதிகாரம், டிசோ ஜனநாயகம், ரீட்குவாட் என்ற கிரகத்தில் அரசே கிடையாது. அதைப் படித்துச் சொன்னதும் ஐயா அந்த ஊரை நோட்டில் எழுதவே இல்லை. கேட்பார் இல்லாத ஊரில் கடை போடக் கூடாது என்றார். உண்மையில் விளையாட்டின் கணக்கும் அதுதான். விலையை முடிவு செய்வது விவசாயமா தொழிலா என்ற பொருளாதாரம். வழியில் எத்தனை கொள்ளைக்காரர்கள் மறிப்பார்கள் என்பதை முடிவு செய்வது அரசாங்கம். புதுக் கப்பலோடு அங்கே போனால் சரக்கும் போகும் உயிரும் போகும்.

பட்டியலில் இன்னொரு வரி உண்டு: அடிமைகள். என்ன அது என்று கேட்டார். சொன்னேன். "ஆளை விக்கிறதா? அதைத் தொடாதே" என்றார். விளையாட்டு அதைத் தடுக்காது. அடிமை, போதைப்பொருள், ஆயுதம் மூன்றையும் ஏற்றலாம். ஏற்றினால் குற்றவாளி என்று பெயர் மாறும், காவல் கப்பல்கள் துரத்தும். எங்கள் கப்பலில் அந்த மூன்றும் ஏறியதே இல்லை. இன்றைக்கு எந்த விளையாட்டில் அப்படி ஒரு வாய்ப்பு வந்தாலும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது.

ஐயா சொன்ன குறை இரண்டு. முதலாவது, 20 டன்னையும் ஒரே நேரத்தில் இறக்கினாலும் விலை இறங்காமல் நிற்கிறதே என்பது. அது சரியான கேள்வி. எலைட்டின் சந்தைக்கு நீங்கள் வந்து போனது தெரியாது. இரண்டாவது, கடன் கொடுக்க ஆளே இல்லை என்பது. "வட்டி இல்லாம என்னப்பா வியாபாரம்?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். பல வருஷம் கழித்து டைபன் என்ற, இதைவிடப் பழைய விளையாட்டைப் பார்த்தேன். 1982-ல் ஆப்பிள் 2-க்கு வந்தது. 1860-களின் சீனக் கடலோரத்தில் கப்பல் வியாபாரம். அதில் ஹாங்காங்கில் வட்டிக்குப் பணம் தரும் வூ அண்ணன் ஒருவர் இருக்கிறார், கடனைக் கட்டாமல் விட்டால் வட்டி மளமளவென்று ஏறும். ஐயா இருந்திருந்தால் எலைட்டை விட்டு அந்தப் பக்கம் போயிருப்பார்.

எனக்குப் பிடித்த இடம் வேறு, நிலையத்துக்குள் நுழைவது. நிலையம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் ஒரு முகத்தில் மட்டும் நீள்சதுர வாசல், அது எப்போதும் கிரகத்தைப் பார்த்தே இருக்கும். நீங்கள் கிரகத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே வந்து, வாசலை நேராகப் பார்த்து, கப்பலையும் அதே வேகத்தில் உருட்டி, வாசல் படுக்கையாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு மெதுவாக உள்ளே போக வேண்டும். இத்தனை நேரம் சேர்த்த சரக்கெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் தொங்கும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். 1500 கிரெடிட் கொடுத்தால் தானே நுழைக்கிற கருவி கிடைக்கும். வாங்கின பிறகும் நான் பெரும்பாலும் கையால்தான் நுழைத்தேன்.

இதையெல்லாம் எப்படி அடக்கினார்கள் என்று பின்னால் படித்தபோதுதான் மதிப்பு இன்னும் கூடியது. பிபிசி மைக்ரோவில் மொத்த நினைவகமே 32 கிலோபைட். ஆனால் எலைட்டில் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள். எதையும் எழுதி வைக்கவில்லை. 6 பைட் விதை எண் ஒன்றிலிருந்து கிரகத்தின் பெயர், இடம், ஆட்சி, பொருளாதாரம் எல்லாவற்றையும் தேவைப்படும்போது கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளும். அதே விதை, அதே கணக்கு என்பதால் எப்போது போனாலும் லேவ் அதே லேவ்தான். அடுத்த மண்டலத்துக்குத் தாவினால் விதையின் ஒவ்வொரு பைட்டும் ஒரு பிட் சுழலும். பைட்டுக்கு 8 பிட் அல்லவா, எட்டுத் தாவலில் புறப்பட்ட மண்டலத்துக்கே திரும்பிவிடுவீர்கள். இவ்வளவு அழகான சிக்கனத்தை நான் வேறு எந்த நிரலிலும் பார்த்ததில்லை.

1993-ல் வந்த ஃப்ரண்டியர், 2014-ல் வந்த எலைட் டேஞ்சரஸ் இரண்டும் ஆடினேன். பெரியவை, பிரமாதமானவை. பிந்தையதில் நம் பால்வீதியையே அதன் முழு அளவில் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் 20 டன்னோடு தொடங்கும் அந்தக் கப்பலின் நெருக்கடி எனக்கு அவற்றில் கிடைக்கவில்லை.

புதிதாக ஆடிப் பார்க்க நினைப்பவர்கள் ஊலைட் என்ற இலவச விளையாட்டை இறக்கிக்கொள்ளுங்கள். எலைட்டை அப்படியே தழுவிச் செய்தது, இன்றைய கணினிகளில் ஓடும். தொடங்கியதும் இன்னும் பலமான லேசர் துப்பாக்கிக்கு ஆசைப்படாதீர்கள். லேவில் எரிபொருளை நிரப்பி, கைப்பணம் இடம் கொடுக்கிற அளவுக்கு உணவை ஏற்றி ஜவோன்ஸ் போங்கள். விற்ற பணத்தில் வாங்க முடிந்த அளவு கணினிகளோடு திரும்புங்கள். கையில் நடமாட்டத்துக்குப் பணம் வைத்துக்கொண்டு, 400 கிரெடிட் உபரியாக வந்ததும் சரக்கு அறையை 35 டன்னாகப் பெரிதாக்குங்கள். லேசர் அதற்கப்புறம்.