மாமனாரின் கணினியும் ஒரு கட்டம் போட்ட நோட்டும்

ஐயா,

காலமான என் மாமனார் பிரான்சில் பள்ளி ஆசிரியராக இருந்து, ஓய்வுபெற்றுப் புதுச்சேரி திரும்பியவர். அவர் கொண்டுவந்த தாம்சன் எம்ஓ5 கணினியும் சில கேசட்டுகளும் பரணில் இருக்கின்றன. அதற்கான டிவி பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. ஒரு கட்டம் போட்ட நோட்டும் இருக்கிறது. நிறைய எண்கள், ஒன்றும் புரியவில்லை. படம் இணைத்துள்ளேன். கணினியை இங்குள்ள அருங்காட்சியகத்திலேயே கொடுத்துவிடலாமா?

வாசகி, முத்தியால்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். கணினிக்குப் பிறகு வருவோம்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தில் 129 ஏழு முறை, எட்டாவதாக 255 என்று இருக்கிறது. எட்டுக்கு எட்டாகக் கட்டம் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. 129 என்றால் இரண்டு ஓரக் கட்டங்கள் மட்டும் கறுப்பு. 255 என்றால் வரிசை முழுவதும். வரைந்தால் ‘ப’ வரும். அதற்குக் கீழே 128 ஏழு முறை, பிறகு 255. அது ‘ட’. எம்ஓ5 கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அதன் பேசிக் என்ற நிரல்மொழியில் இப்படி எண்களைக் கொடுத்துப் புதிய வடிவங்களை உருவாக்கிக்கொள்ள முடியும். உங்கள் மாமனார் தனியாக உட்கார்ந்து அதற்குத் தமிழ் கற்றுக்கொடுத்திருக்கிறார். ‘ண’வுக்கு ஒரு கட்டம் போதாமல் இரண்டை ஒட்டிப் போட்டு, அடித்து, மறுபடி போட்டிருக்கிறார்.

இயந்திரம் அப்படியொன்றும் அபூர்வமல்ல. எம்ஓ5 வந்தது 1984இல். மறு ஆண்டே பிரெஞ்சு அரசு பள்ளிகளுக்கென்று லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை வாங்கியது. அதில் தாம்சன் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு. புதுச்சேரியில் அரிய பொருளாகத் தெரிவது அங்கே சாதாரணம். இங்குள்ள அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களுக்கும் சோழர்காலச் செப்புத் திருமேனிகளுக்கும் பக்கத்தில் அதை வைக்கலாம் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அதன் உள்ளே கைவைக்கத் தெரிந்தவர் வேண்டுமே!

அத்தகையவர்கள் பிரான்சில் இருக்கிறார்கள். பழைய கணினிகளையும் கணினி விளையாட்டுகளையும் பாதுகாக்கும் சங்கம் ஒன்று இந்தக் கணினியின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறது: எம்ஓ5.காம். கிரெனோபிள் நகரில் அகோனிட் என்ற அமைப்பும் உண்டு. ‘எங்களிடம் ஒரு எம்ஓ5 இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் நன்றி சொல்லி மறுத்துவிடக்கூடும். நோட்டின் படங்களோடு, அவர் யார், எங்கே பாடம் நடத்தினார் என்பதையும் சேர்த்துப் பிரெஞ்சிலேயே எழுதுங்கள். எழுத்தில் சம்மதம் வரும்வரை பார்சல் கட்ட வேண்டாம். கொடையா இரவலா, கப்பல் செலவு யாருடையது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். நோட்டின் அசலை மட்டும் அனுப்பாதீர்கள், நகல் போதும். அசலைப் பற்றிச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். தமிழ் எழுத்தின் கதை அது, இங்கேயே இருக்கட்டும்.

டிவி போனதற்கு வருந்தாதீர்கள். இந்தக் கணினிக்கு வேண்டிய பெரிடெல் என்ற பிரெஞ்சு வகை இணைப்புள்ள டிவி பிரான்சில் கிடைக்கும். ஆனால் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று பிளக்கில் மட்டும் சொருகிவிடாதீர்கள். கடலோர ஊரின் உப்புக்காற்றில் இத்தனை காலம் கிடந்தது அது. பழைய மின்தேக்கிகள் புகைந்துவிடலாம்.

கேசட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை இருந்தால் ஓட்டக் கூடாது. இல்லையென்றால், நல்ல டேப்ரிக்கார்டர் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து, இரு பக்கத்தையும் ஒலியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கணினியின் நிரல்கள் நாடாவில் ஒலியாகவே பதிந்திருக்கும், அதனால் வெறும் கீச்சொலிதான் கேட்கும். பழுது என்று பாதியில் நிறுத்திவிடப் போகிறார், முன்பே சொல்லிவையுங்கள்.